இணையக் கடையில் நம் மலைக் காபி: பண்புக்கூறுகளை நிரல் வழியே உருவாக்குவது எப்படி?

சேர்வராயன் மலையில் கிளியூர்ப் பகுதி சிறு விவசாயிகள், சுய உதவிக் குழு உறுப்பினர்கள், அவர்களுக்கு இணையதளம் அமைத்துத் தரும் இளைஞர்கள் ஆகியோரிடையே மென்பொருள் உருவாக்குநர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.



எல்லாரும் கையில் இருக்கிற போனை எடுங்க. நீங்க வழக்கமா பொருள் வாங்கற ஏதாவது ஒரு ஆப்பைத் திறந்து, ‘காபி பொடி’ன்னு தேடுங்க. நூற்றுக்கணக்கில் வந்து நிற்கும். இப்போ மேலேயோ பக்கத்திலேயோ ‘ஃபில்டர்’னு ஒரு பட்டன் இருக்கும், அதைத் தொடுங்க. என்ன வருது? பிராண்டு, விலை, எடை, எத்தனை நட்சத்திரம். சில கடைகளில் வறுவல் அளவும் வரலாம். இதில் ‘சேர்வராயன் மலைக் காபி மட்டும் காட்டு’ன்னு கேட்க வழி இருக்கா? ‘சிக்கரி கலக்காதது மட்டும் காட்டு’ன்னு கேட்க முடியுதா? பெரும்பாலான இடத்தில் முடியாது.

அந்த ஃபில்டர் பட்டியல் தானாக முளைப்பதில்லை. யாரோ ஒருவர் உட்கார்ந்து, இந்தப் பொருளுக்கு இன்னின்ன பண்புகள் உண்டு என்று கடையின் மென்பொருளுக்குச் சொல்லியிருக்கிறார். அவர் சொல்லாத பண்பு, வாங்குபவர் கண்ணுக்கு வராது. இந்தப் பண்புகளை ‘பண்புக்கூறு’ என்று சொல்கிறோம். கணினிக்காரர்கள் ‘ஆட்ரிபியூட்’ என்பார்கள். நமக்கு வேண்டிய பண்புக்கூறுகளை நாமே, அதுவும் நிரல் எழுதி உருவாக்குவது பற்றித்தான் இன்றைய பேச்சு. நிரல் எழுதத் தெரியாதவர்களும் கேளுங்க. எழுதுபவரிடம் என்ன கேட்டு வாங்க வேண்டும் என்பது உங்களுக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

எழுதி வைத்தது வேறு, தேட முடிவது வேறு

நம்ம மலையில் காபி 1820களில் வந்தது. அப்போது சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். இருநூறு வருஷப் பழக்கம். இங்கே விளைவது பெரும்பாலும் அராபிகா. சில்வர் ஓக் நிழலில் வளர்கிறது, அதே மரத்தில் மிளகுக்கொடியும் ஏறுகிறது. எவ்வளவு உயரத்தில் விளைந்தது, எந்த ரகம், பழத்தைத் தோல் நீக்கிக் கழுவிக் காயவைத்ததா, பழத்தோடு அப்படியே களத்தில் காயவைத்ததா, எப்போது பறித்தது, எப்போது வறுத்தது என்று காபி விஷயம் தெரிந்தவர் கேட்கும் எல்லாக் கேள்விக்கும் உங்களிடம் பதில் இருக்கிறது.

இணையக் கடை போடும்போது இதெல்லாம் எங்கே போகிறது? பொருளின் கீழே ‘விளக்கம்’ என்று ஒரு பெட்டி இருக்குமே, அதில் ஒரு பத்தியாகப் போய் உட்காருகிறது. ஒருவர் ‘சிக்கரி இல்லை’ என்று எழுதுகிறார். இன்னொருவர் ‘நூறு சதவீதம் காபி’ என்கிறார். மூன்றாமவர் ‘ப்யூர் காபி’. நாலாமவர் ‘கலப்படமற்றது’. படிக்கும் மனுஷருக்கு நாலும் ஏறக்குறைய ஒன்றுதான். கணினிக்கு நாலும் நாலு வேறு சொல். ஊர்ப் பெயர் இன்னும் மோசம். ஏற்காடு, சேர்வராயன், ஷெவராய், ஷெவராய்ஸ் என்று எத்தனை விதமாக எழுதுகிறோம்! ஒரே மலைக் காபி நாலு பெயரில் சிதறிக் கிடந்தால், சென்னையிலிருந்து ஒருத்தர் ‘ஏற்காடு’ என்று தேடும்போது நாலில் ஒரு பங்குதான் அவருக்குக் கிடைக்கும்.

அதனால் ஒன்றை மனசில் வையுங்க: விளக்கத்தில் எழுதினால் படிக்கலாம்; பண்புக்கூறாக வைத்தால்தான் தேடலாம், வடிகட்டலாம், இரண்டு பொருளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம்.

மென்பொருள் இதை எப்படிச் சேமிக்கிறது?

கடையில் ஒரு பெரிய பேரேடு வைத்திருக்கிறீர்கள் என்று நினையுங்க. ஒரு வரிசைக்கு ஒரு பொருள். காபிக்கு வறுவல், சிக்கரி, ரகம் என்று பத்திகள் வேண்டும். மிளகுக்கு லிட்டர் எடை வேண்டும், ஏன்னா ஒரு லிட்டர் அளவில் எத்தனை கிராம் நிற்குது என்பதுதான் மிளகின் தரம். தேனுக்கு வேறு, ஆரஞ்சுக்கு வேறு. எல்லாவற்றுக்கும் ஒரே பேரேட்டில் பத்தி போட்டால், பத்திகள் நூறைத் தாண்டும். ஒவ்வொரு வரிசையிலும் தொண்ணூறு கட்டம் காலியாகக் கிடக்கும். புதுப் பொருள் வரும்போதெல்லாம் பேரேட்டைக் கிழித்து மறுபடி கோடு போட வேண்டும்.

இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பெரிய பேரேட்டுக்குப் பதிலாகச் சின்னச் சின்னச் சீட்டுகள். ஒவ்வொரு சீட்டிலும் மூன்றே விஷயம்: எந்தப் பொருள், எந்தப் பண்பு, என்ன மதிப்பு. ‘இந்தக் காபி – வறுவல் – நடுத்தரம்’. ‘இந்த மிளகு – லிட்டர் எடை – 550’. புதுப் பண்பு வேண்டுமா? புதுச் சீட்டு எழுதினால் போதும், பேரேட்டைத் தொட வேண்டாம். 2008-ல் வெளிவந்த மெஜன்டோ என்ற இணையக் கடை மென்பொருள் இந்த முறையில்தான் இயங்குகிறது. 2018-ல் அதை அடோபி நிறுவனம் வாங்கியது. அதன் திறமூலப் பதிப்பை இப்போதும் யாரும் இலவசமாக இறக்கிப் பயன்படுத்தலாம்.

மெஜன்டோ இந்தச் சீட்டுகளை ஐந்து பெட்டியில் பிரித்து வைக்கும்: குறுகிய எழுத்து, நீண்ட உரை, முழு எண், தசம எண், தேதி. ஒரு பண்பை உருவாக்கும்போதே அது எந்தப் பெட்டி என்று சொல்லிவிட வேண்டும். பிறகு மாற்றுவது கஷ்டம். ஏற்கெனவே எழுதிய சீட்டெல்லாம் பழைய பெட்டியிலேயே கிடக்கும்.

இங்கே ஒரு சின்ன உதாரணம். உணவுப் பொருள் விற்க உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிமம் அல்லது பதிவு வேண்டும். அந்த எண் 14 இலக்கம். ‘எண்’ என்று சொன்னதும் முழு எண் பெட்டியில் போடத் தோன்றும். அந்தப் பெட்டி கொள்ளக்கூடிய மிகப் பெரிய எண் சுமார் 214 கோடி, அதாவது 10 இலக்கம். 14 இலக்கம் அதில் அடங்காது. கூட்டவோ கழிக்கவோ போகிற எண் என்றால் எண் பெட்டி. உரிம எண், பின்கோடு, போன் நம்பர் இதெல்லாம் பார்க்க எண் மாதிரி இருந்தாலும் எழுத்துப் பெட்டிதான்.

ஏன் நிரல் வழியே?

பண்புக்கூறை நிர்வாகத் திரையில் கிளிக் செய்தும் உருவாக்கலாம். ஒரு கடை, மூன்று பண்பு என்றால் அதுவே போதும். யாரும் உங்களை நிரல் எழுதச் சொல்லமாட்டார்கள். ஆனால் கொஞ்சம் யோசியுங்க. ஒழுங்காகச் செய்பவர்கள் சோதனைத் தளம் ஒன்று, உண்மைத் தளம் ஒன்று என்று இரண்டு வைத்திருப்பார்கள். சோதனையில் பதினைந்து பண்பைக் கையால் உருவாக்கினீர்கள். அதே பதினைந்தை, அதே எழுத்துக்கூட்டலோடு உண்மைத் தளத்திலும் கையால் செய்ய வேண்டும். ஓரிடத்தில் ‘வறுவல்’, இன்னொரு இடத்தில் ‘வறுத்தல்’ என்று ஆகிவிட்டால் சரக்குப் பட்டியலை ஏற்றும்போது பாதி ஏறாது.

நிரலாக எழுதினால் அதுவே எழுத்துப்பூர்வ ஆவணம். யார் எப்போது என்ன பண்பைச் சேர்த்தார் என்பது பதிவில் நிற்கும். சேவையகம் மாற்றினாலும், பக்கத்துக் கிராமக் குழு அதே மாதிரி கடை போட நினைத்தாலும், அதே நிரலை ஓட்டினால் அதே பண்புகள் அச்சு மாறாமல் வந்துவிடும். செய்து கொடுத்த தம்பி வேலை கிடைத்து பெங்களூரு போய்விட்டாலும் கடை அநாதையாகாது. நம்ம குழுக்களுக்கு இதுதான் முக்கியம்.

மெஜன்டோவில் படிப்படியாக

இப்போ இளைஞர்களுக்காகக் கொஞ்சம் நுணுக்கமாகச் சொல்றேன்.

முதலில் ஒரு தனி மாட்யூல். மெஜன்டோவின் மூலநிரலில் கை வைக்காதீங்க. அடுத்த புதுப்பிப்பில் எல்லாம் அழிந்துபோகும். அந்த மாட்யூலுக்குள் ‘டேட்டா பேட்ச்’ என்ற கோப்பு. இது 2.3 பதிப்பிலிருந்து வந்த முறை. கோப்பில் மூன்று வேலைகள் இருக்கும்: செய்ய வேண்டியது என்ன, இதற்கு முன் ஓட வேண்டிய பேட்ச் எது, இதற்குப் பழைய பெயர் ஏதும் உண்டா. செய்ய வேண்டிய பகுதியில் ‘ஆட் ஆட்ரிபியூட்’ என்ற செயல்கூற்றை அழைக்கிறோம். அதற்கு மூன்று தகவல் தர வேண்டும்: இது பொருளுக்கான பண்பு என்பது, பண்பின் குறியீட்டுப் பெயர், பிறகு அதன் குணங்களின் பட்டியல்.

குறியீட்டுப் பெயர் ஆங்கிலச் சிறிய எழுத்து, எண், அடிக்கோடு இவற்றால் மட்டுமே ஆக வேண்டும். எழுத்தில் தொடங்க வேண்டும். தமிழில் வைக்க முடியாது. அதற்காக வருத்தப்பட வேண்டாம். அது கணினிக்கான பெயர். வாங்குபவர் பார்ப்பது காட்சிப் பெயர்; அது தாராளமாகத் தமிழில் இருக்கலாம். தமிழ்ப் பக்கம், ஆங்கிலப் பக்கம் என்று கடையில் இரண்டு காட்சி வைத்தால், ஒரே பண்புக்கு இரண்டு மொழியிலும் பெயர் தரலாம்.

குணங்களில் நாலு இடத்தில் கவனம் வேண்டும்.

ஒன்று, ‘கட்டாயம்’ என்ற குணம். நீங்க ஒன்றும் சொல்லாமல் விட்டால், நிரல் வழியே உருவாகும் பண்பைக் கட்டாயம் என்றே மெஜன்டோ எடுத்துக்கொள்ளும். விளைவு: பழைய பொருளைத் திறந்து விலையை மட்டும் மாற்றிச் சேமிக்கப் பார்த்தால்கூட, புதுக் கட்டத்தை நிரப்பு என்று நிற்கும். எது கட்டாயம், எது விருப்பம் என்று ஒவ்வொன்றுக்கும் வெளிப்படையாக எழுதுங்க.

இரண்டு, ‘தொகுப்பு’. காபிக்கு ஒரு பண்புக்கூறுத் தொகுப்பு, மிளகுக்கு ஒரு தொகுப்பு என்று வைத்துக்கொள்ள வேண்டும். பயனர் உருவாக்கிய பண்பு என்று குறிக்காமல் விட்டாலோ, குணப்பட்டியலிலேயே குழுவின் பெயரைக் கொடுத்துவிட்டாலோ, அந்தப் பண்பு எல்லாத் தொகுப்பிலும் போய்ச் சேர்ந்துவிடும். அப்புறம் மிளகுப் பக்கம் ‘வறுவல் என்ன?’ என்று கேட்டுக்கொண்டு நிற்கும். காபித் தொகுப்பில் மட்டும் சேர்க்க வேண்டுமென்றால், பண்பை உருவாக்கியபின் தனி வரியில் அந்தத் தொகுப்பில் சேருங்க.

மூன்று, ‘வடிகட்டி’. ஃபில்டரில் வர வேண்டுமென்றால் அந்தப் பண்பு பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் வகையாகவோ, விலை வகையாகவோ இருக்க வேண்டும். தட்டச்சு செய்யும் கட்டம் ஃபில்டரில் வராது. அதனால் சிக்கரிக்கு இரண்டு பண்பு வையுங்க. சரியான சதவீதம் ஒரு எண்ணாக. கூடவே ‘சிக்கரி இல்லாதது’, ‘20 சதவீதம் வரை’, ‘20-க்கு மேல்’ என்று தேர்வுப் பட்டியலாக இன்னொன்று. முதலாவது தகவலுக்கு, இரண்டாவது தேடலுக்கு.

நாலு, தேர்வுப் பட்டியலின் உள்ளே நடப்பது. ‘நடுத்தரம்’ என்று நீங்க தேர்ந்தெடுத்தால், அந்தச் சொல்லை மெஜன்டோ சேமிப்பதில்லை. அதற்குத் தான் கொடுத்த ஓர் எண்ணைச் சேமிக்கிறது. சோதனைத் தளத்தில் அந்த எண் 12 என்றால் உண்மைத் தளத்தில் 47 ஆக இருக்கலாம். எண்ணை நிரலில் நேரடியாக எழுதாதீங்க. சொல்லைக் கொடுத்து, அதன் எண்ணை அங்கேயே தேடி எடுக்கச் சொல்லுங்க.

எழுதி முடித்ததும் ‘செட்அப் அப்கிரேட்’ கட்டளையை ஓட்டினால் பேட்ச் வேலை செய்யும். வேலை முடிந்த பேட்சின் பெயரைத் தரவுத்தளத்தில் ஒரு பட்டியலில் மெஜன்டோ எழுதிக்கொள்ளும். மறுபடி ஓட்டினாலும் அந்தப் பேட்ச் இரண்டாம் முறை ஓடாது. அதனால் பழைய கோப்பைத் திருத்திவிட்டு ‘ஏன் மாறலை?’ன்னு காத்திருக்காதீங்க; மாற்றம் வேண்டுமென்றால் புதுப் பேட்ச் எழுதுங்க. அதன்பின் அட்டவணையை மறுபடி கட்ட வேண்டும், தற்காலிக நினைவகத்தைக் காலி செய்ய வேண்டும். இன்னொன்று: ஏற்கெனவே கடையில் இருக்கும் பொருள்களுக்குப் புதுப் பண்பின் மதிப்பு தானாக நிரம்பாது. அவற்றை ஒரு பட்டியலாக ஏற்றி நிரப்ப வேண்டும்.

சின்னக் கடைகள் பெரும்பாலும் வேர்ட்பிரஸ் தளத்தில் வூகாமர்ஸ் வைத்துத் தொடங்குகின்றன. அங்கேயும் இரண்டு வகை உண்டு. ஒரு பொருளுக்குள் போய்த் தட்டச்சு செய்யும் பண்பு அந்தப் பொருளோடு முடிந்துவிடும், ஃபில்டரில் வராது. கடை முழுமைக்குமான பொதுப் பண்புதான் ஃபில்டரில் வரும். அதை நிரல் வழியே உருவாக்க அதற்கென்றே ஒரு செயல்கூறு இருக்கிறது. வெளியிலிருந்து ஏபிஐ மூலமும் அனுப்பலாம். குறியீட்டுப் பெயர் 28 எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்க.

நம் காபிக்கு என்னென்ன பண்பு?

நிரல் எழுதும் முன் ஒரு வெள்ளைத்தாளை எடுங்க. இந்த வேலையில் பாதி அங்கேதான் முடிகிறது. நம் மலைக் காபிக்கு நான் பரிந்துரைக்கும் பட்டியல் இது:

• விளைந்த பகுதி: தேர்வுப் பட்டியல். ‘சேர்வராயன் மலை’ என்று ஒரே எழுத்துக்கூட்டல்.

• உயரம்: முழு எண், மீட்டரில். அடி வேண்டாம், ஒரே அலகு போதும்.

• ரகம்: ஒன்றுக்கு மேல் தேர்ந்தெடுக்கும் பட்டியல். எஸ் 795, எஸ் 9, காவேரி, சந்திரகிரி. தோட்டத்தில் இரண்டு ரகம் கலந்தே இருக்கும், அதனால் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொல்லக் கூடாது.

• பதப்படுத்திய முறை: தேர்வுப் பட்டியல். கழுவியது, பழத்தோடு காயவைத்தது, ஹனி.

• தரம்: தேர்வுப் பட்டியல். பிளான்டேஷன் ஏ, பிளான்டேஷன் பி, பீபெரி என்று காபி வாரியத்தின் தரப்பெயர்களையே பயன்படுத்துங்க. சொந்தமாக ‘சூப்பர்’, ‘ஸ்பெஷல்’ என்று தரம் கண்டுபிடிக்க வேண்டாம்.

• வறுவல், அரைவை: இரண்டும் தேர்வுப் பட்டியல்.

• சிக்கரி சதவீதம், சிக்கரி வகுப்பு: முன்பே சொன்னேன்.

• உணவுப் பாதுகாப்பு உரிம எண்: எழுத்து, சரியாக 14 இலக்கம் இருக்கிறதா என்று நிரலே சரிபார்க்கட்டும்.

‘வறுத்த தேதி’யை ஏன் விட்டுட்டீங்கன்னு கேட்பீங்க. வேணும்னேதான் விட்டேன். அது பொருளின் பண்பு இல்லை, லாட்டின் பண்பு. கால் கிலோ பாக்கெட் என்ற பொருள் வருஷம் முழுக்க ஒன்றுதான். ஒவ்வொரு வாரமும் வறுக்கும் லாட் வேறு வேறு. பண்பாக வைத்துவிட்டு மாற்ற மறந்தால், மூன்று மாதத்துக்கு முந்திய தேதியோ, கையிருப்பில் இல்லாத புதுத் தேதியோ திரையில் நிற்கும். லாட் எண்ணோடு சரக்கு இருப்பைக் கணக்கிடும் வசதி வரும்வரை, வறுத்த தேதி பாக்கெட்டின் மேலேயே இருக்கட்டும்.

இன்னொரு கட்டம் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும்: புவிசார் குறியீடு. 2019-ல் கூர்க் அராபிகா, வயநாடு ரொபஸ்டா, சிக்மகளூர் அராபிகா, அரக்கு பள்ளத்தாக்கு அராபிகா, பாபாபுடன்கிரி அராபிகா என்று ஐந்து இந்தியக் காபிகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஐந்தில் நம் மலை இல்லை. அதனால் ‘புவிசார் குறியீடு பெற்றது – ஆம்’ என்று போட நமக்கு உரிமை கிடையாது. ‘சேர்வராயன் மலையில் விளைந்தது’ என்று போட முழு உரிமை உண்டு, ஏன்னா அது உண்மை. பண்புக்கூறு என்பது வாக்குமூலம் மாதிரி. 1,200 மீட்டர் என்று போட்டால் 1,200 மீட்டராக இருக்க வேண்டும். தவறான தகவல் தந்து விற்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நடவடிக்கைக்கு உரியது.

சட்டமே கேட்கும் கட்டங்கள்

சில பண்புகள் நம் விருப்பம். சிலவற்றைச் சட்டம் கேட்கிறது. பொட்டலப் பொருள்களுக்கான 2011 எடையளவு விதிகளில் 2017-ல் திருத்தம் வந்து, 2018 ஜனவரி 1 முதல் இணையக் கடைகளுக்கும் அமலாகியது. பொருளின் பெயர், நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்தவர் அல்லது பொட்டலமிட்டவரின் பெயர் முகவரி, நுகர்வோர் தொடர்பு விவரம் இதெல்லாம் பாக்கெட்டில் இருந்தால் மட்டும் போதாது, திரையிலும் தெரிய வேண்டும். காபி–சிக்கரிக் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, இரண்டின் சதவீதத்தையும் லேபிளில் சொல்ல வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. இவற்றையெல்லாம் ‘கட்டாயம்’ என்று நிரலில் குறித்துவிட்டால், ஒன்றை நிரப்பாமல் பொருளைச் சேமிக்கவே முடியாது. சட்டத்தை நினைவில் வைக்கும் வேலையை மென்பொருள் பார்த்துக்கொள்ளும்.

மத்திய அரசு முன்னெடுத்த ஓஎன்டிசி வலைப்பின்னல் 2021 இறுதியில் நிறுவனமாகப் பதிவானது. அதில் ஒரு கடை தன் பொருளை அனுப்பும் தரவு வடிவத்திலேயே, பொட்டலப் பொருளுக்கான சட்டத் தகவல்களுக்கு ஒரு பகுதியும், பொட்டல உணவுக்கான தகவல்களுக்கு ஒரு பகுதியும் தனியாக இருக்கின்றன. உங்கள் கடையில் இவை தனித்தனிப் பண்புகளாக இருந்தால், அந்த வலைப்பின்னலுக்கு அனுப்புவது சுலபம். ஒரு பத்தி விளக்கமாக இருந்தால், ஒவ்வொரு பொருளையும் யாராவது உட்கார்ந்து பிரித்து எழுத வேண்டும். 2016-ல் தொடங்கிய அரசு மின் சந்தையான ஜெம் தளத்திலும் இதே கதைதான். அங்கே ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் குறிப்பிட்ட அளவுருக்கள் உண்டு. வாங்கும் அலுவலகம் அவற்றை வைத்துத்தான் வடிகட்டும்.

காட்டுவதும் தேட முடிவதும் வேறு என்று முதலில் சொன்னேனே, அரசும் அதைக் கவனித்திருக்கிறது. 2025 நவம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ஒரு வரைவுத் திருத்தம் வெளியிட்டது. இறக்குமதிப் பொருள் விற்கும் இணையக் கடைகள், எந்த நாட்டில் தயாரானது என்பதை வைத்துத் தேடவும் வரிசைப்படுத்தவும் வசதி தர வேண்டும் என்பது அதன் சாரம். எந்த நாடு என்பதை ஒரு மூலையில் எழுதிவைத்தால் போதாது, ஃபில்டரில் வர வேண்டும் என்கிற எண்ணம்தான் அது.

வெளிநாட்டுக்கு அனுப்பும் யோசனை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் காடழிப்புத் தடுப்பு ஒழுங்குமுறை ஒன்றை நிறைவேற்றியது. காபியும் அதில் அடக்கம். எந்த நிலத்தில் விளைந்தது என்பதற்கு அட்சரேகை, தீர்க்கரேகை கேட்கிறது. 4 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலமென்றால் எல்லைக்கோடு முழுவதும் வேண்டும். அமலாகும் தேதி தள்ளிப்போயிருக்கிறது. ஆனாலும் தோட்டத்தின் இடக்குறியைப் போனிலேயே எடுத்துச் சேமித்துவைப்பதில் நஷ்டமில்லை. அதைப் பொதுமக்களுக்குக் காட்டாத உள்ளகப் பண்பாக வையுங்க. உங்கள் வீட்டு இருப்பிடம் எல்லார் திரையிலும் தெரிய வேண்டியதில்லை.

வாங்குபவராக நீங்கள்

இங்கே இருக்கிற நாம எல்லாருமே விற்பவர் மட்டுமில்லை, வாங்குபவரும்தான். போனில் பொருள் வாங்கும்போது விளக்கப் பத்தியை விட்டுவிட்டு, ‘பொருள் விவரம்’ என்ற அட்டவணையைப் பாருங்க. காபி என்றால் சிக்கரி எவ்வளவு என்று தேடுங்க. உரிம எண், பொட்டலமிட்டவர் முகவரி இருக்கா பாருங்க. வாங்கும் முன் அந்தப் பக்கத்தைத் திரைப்பிடிப்பு எடுத்து வையுங்க. வந்த பாக்கெட்டும் திரையில் சொன்னதும் ஒத்துப்போகவில்லை என்றால் அதுதான் சாட்சி. முதலில் கடையின் குறைதீர் அலுவலரிடம் எழுதுங்க. சரியாகவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம்.

கேள்வி – பதில்

உரைக்குப் பின் கேட்கப்பட்ட சில கேள்விகளும் பதில்களும்:

“பெரிய ஷாப்பிங் ஆப்பில் விற்கிறோம். அங்கே நாங்களே பண்பு உருவாக்க முடியுமாங்க?”

முடியாதும்மா. அங்கே கட்டங்களை அவர்கள்தான் முடிவு செய்வார்கள். அவர்கள் தரும் கட்டங்களில் ஒன்றைக்கூடக் காலியாக விடாமல் நிரப்புங்க. பலர் கட்டாயக் கட்டத்தை மட்டும் நிரப்பிவிட்டுப் போய்விடுகிறார்கள். புதுக் கட்டம் வேண்டுமென்றால் விற்பனையாளர் உதவிப் பிரிவில் கேட்கலாம். சொந்தத் தளம் இருந்தால்தான் நம் இஷ்டப்படி உருவாக்க முடியும்.

“எங்க குழுவில் யாருக்கும் நிரல் தெரியாது. வெளி ஆளிடம் கொடுத்தால் என்ன கேட்டு வாங்கணும்?”

ஐந்து விஷயம் எழுத்தில் வாங்குங்க. பண்புகளின் முழுப் பட்டியல், ஒவ்வொன்றின் வகையோடு. அவற்றை உருவாக்கிய நிரல் கோப்பு. சோதனைத் தளத்தில் ஓட்டிக் காட்டியதற்கான ஒப்புதல். நிர்வாகக் கணக்கின் கடவுச்சொல், குழுவின் பெயரில். டொமைன் பெயரும் குழுவின் பெயரிலேயே பதிவாகியிருக்க வேண்டும். இந்த ஐந்தும் கைக்கு வந்தபின் கடைசித் தவணைப் பணத்தைக் கொடுங்க.

“எத்தனை பண்பு வைக்கலாம் சார்? நிறைய இருந்தா நல்லதுதானே?”

இல்லைங்க. மெஜன்டோ ஒவ்வொரு பண்புக்கும் தனிச் சீட்டு எழுதுகிறது. சீட்டு கூடினால் தேடும் நேரமும் கூடும். ஃபில்டரில் இருபது வரி வந்தால் வாங்குபவரும் திணறிப்போவார். ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க: ‘இந்தப் பண்பை வைத்து யாராவது தேடுவாங்களா, ஒப்பிடுவாங்களா, சட்டம் கேட்குமா?’ மூன்றுக்கும் இல்லை என்றால் அது விளக்கப் பத்தியிலேயே இருக்கட்டும். தாத்தா காலத்துத் தோட்டக் கதை அங்கேதான் அழகு.

“விலையில் ஏதாவது வித்தியாசம் வருமா?”

பண்பு போட்டதும் விலை ஏறும் என்று நான் சொல்லமாட்டேன். பெயர் தெரியாத பொடியாகக் கலவையில் போய் மறையும் காபிக்குத் தனி விலை கேட்க முடியாது. எங்கே விளைந்தது, எப்படிப் பதப்படுத்தியது என்று தெரிந்து, அதையே தேடி ஒருவர் வந்தால் பேச ஓர் இடமாவது கிடைக்கும். அவர் வந்தபின் நிலைப்பது உங்கள் காபியின் ருசியில் இருக்கு.

அடுத்த பறிப்புக்கு முன் ஒரு நாள் ஒதுக்குங்க. குழுவாக உட்கார்ந்து வெள்ளைத்தாளில் பட்டியலைப் போடுங்க: எந்தப் பண்பு, என்ன வகை, கட்டாயமா, ஃபில்டரில் வரணுமா, அதற்கு ஆதாரம் என்ன. இந்த ஐந்து பத்திக்கு மேல் வேண்டாம். அந்தத் தாள் தயாரானால், அதை நிரலாக்குவது நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்குச் சில மணி நேர வேலைதான்.